போர் பாயிண்ட் கேட்கிறார்கள்

தர்மபுரி மாவட்டத்தில் நீர்வடிப்பகுதி வேலைகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. மடிக்கணினியோடு எந்த ஊரில் போய் இறங்கினாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எங்க சார் போர் போட்டா தண்ணி வரும்?" இடத்தகவல்களைக் கணினியில் வரைபடமாக்கும் ஜிஐஎஸ் மிகச் சுமாராகப் பதில் சொல்லும் கேள்வியும் அதுதான்.

காரணம் நம் பாறை. நைஸ், சார்னோகைட் என்று எல்லாமே கடினப் பாறை. ஆற்றுப் படுகை மாதிரி அடியில் தண்ணீர் பரவி நிற்காது. மேலே சிதைந்த பாறையிலும் கீழே விரிசல்களிலும் இருந்தால் உண்டு. செயற்கைக்கோள் படத்தில் தெரியும் விரிசல் கோடுகள், சரிவு, மண், நிலப்பயன்பாடு, ஓடைகளின் நெருக்கம் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கொடுத்துக் கூட்டினால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று படம் வரும். அந்த மதிப்பெண்ணைப் போடுவது கணினி அல்ல, நாம்தான். சரிவுக்குக் கொஞ்சம் கூட்டிப் போட்டால் ஒரு ஊரே மஞ்சளிலிருந்து பச்சைக்கு வந்துவிடும். போதாததற்கு, இலவசமாகக் கிடைக்கும் உயர மாதிரியில் (நிலத்தின் உயரத்தைக் கட்டம் கட்டமாகச் சொல்லும் தரவு) ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர். அதாவது ஏறக்குறைய 22 சென்ட். விரிசலோ சில அங்குலம். இதை நம்பிக் கடன் வாங்கிப் போர் போடுங்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது?

தண்ணீர் வந்தாலும் குடிக்க முடியுமா என்பது அடுத்த கதை. பாறையிலிருந்து கரையும் புளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது வரம்பு. இங்கே பல இடங்களில் தாண்டும். 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே புளோரோசிஸ் (புளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெடும் நோய்) தணிப்பும் இருப்பது அதனால்தான்.

அப்படியானால் இந்த வேலையால் என்ன பயன்? எனக்குப் பிடிபட்டது பாலக்கோடு பக்கம் ஒரு ஏரியில். நல்ல மழைக்குப் பிறகும் பாதிகூட நிரம்பவில்லை. தூர் வார வேண்டும் என்று மனு இருந்தது. பம்ப்செட் தொட்டி மேல் வரைபடத்தை விரித்தோம். ஒரு பெரியவர் அதைத் தலைகீழாகத் திருப்பி, கரடு இருக்கும் திசைக்குச் சரியாக வைத்துக்கொண்டார். அப்புறம் விரலை ஓட்டிவிட்டு, "ஏன் தம்பி, எங்க கால்வாய எங்க காணோம்?" என்றார்.

படத்தில் அது இருக்க வாய்ப்பே இல்லை. ஓடை பள்ளத்தைத் தேடி ஓடும், உயர மாதிரி அதைக் காட்டிவிடும். வரத்துக்கால்வாய் கரட்டடியைச் சுற்றி ஆள் வெட்டிக் கொண்டுவந்தது. அகலமே ஓரிரு மீட்டர். 22 சென்ட் கட்டத்துக்குள் எங்கே தெரியும்?

வருவாய்த் துறையின் பழைய கிராம வரைபடத்தை ஸ்கேன் செய்து, எல்லைக் கற்களை ஜிபிஎஸ்ஸில் எடுத்து இடம் பொருத்தினோம். தாள் சுருங்கியிருந்ததால் ஒரு மூலை சேர்ந்தால் இன்னொன்று விலகும், பொறுமையைச் சோதிக்கிற வேலை. பொருந்தியதும் கால்வாய் தனிப் புல எண்ணோடு, புறம்போக்காக, ஏரி வரை வந்தது. அதன் மேல் செயற்கைக்கோள் படத்தைப் போட்டால் நடுவில் தக்காளித் தோட்டம், ஒரு தார்ச்சாலை. சாலைக்கு அடியில் குழாயே வைக்கவில்லை. வண்டலை அள்ளினால் மண் வரும், தண்ணீர் வராது.

சாலைக்குக் குழாய் போட வைப்பது எளிதாக முடிந்தது. தோட்டம் அப்படியல்ல. அளவையர் வர வேண்டும், உறவுக்காரர்கள் பேச வேண்டும். அதில் வரைபடம் ஒரு சாட்சி, அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் ஊருக்குக் கொண்டுபோகும் பிரதியில் வண்ணங்களை எடுத்துவிடுகிறேன். புல எண், கோயில், புளியமரம், கால்வாய் மட்டும். "போர் பாயிண்ட் எங்க சார்?" என்று கேட்பது மட்டும் நிற்கவில்லை.