பசையைப் பார்க்க நியூயார்க் போகிறவர்களுக்கு

நியூயார்க்கின் மோமாவில் (நவீனக் கலை அருங்காட்சியகம்) இருக்கும், அமெரிக்க ஓவியர் ராபர்ட் ராஷன்பெர்க்கின் 'கேன்யன்' (1959) என்ற படைப்பு புத்தகத்தில் அச்சாகியிருப்பதைப் பார்த்துவிட்டு அதைப் பார்த்துவிட்டோம் என்று கணக்கில் சேர்த்துக்கொண்டவர்கள் அந்தக் கணக்கை அழித்துவிடலாம். பாடம் செய்த கழுகு ஒன்று சிறகை விரித்தபடி படத்தை விட்டு வெளியே நிற்கிறது. கழுகோடு சேர்த்து மொத்த ஆழம் 61 செ.மீ. அதற்கும் கீழே கயிற்றில் கட்டிய தலையணை தொங்குகிறது. கேமரா இதையெல்லாம் காலண்டர் படம் மாதிரி தட்டையாக்கிவிடுகிறது. நேர் எதிரே நின்று செல்ஃபி எடுப்பவர்களுக்கு வழிவிட்டுப் பக்கவாட்டில் போய் நில்லுங்கள். எது ஒட்டியது, எது தைத்தது, எது ஆணியடித்தது என்பது அங்கிருந்துதான் தெரியும். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்கக் கொலாஜ் (வெட்டி ஒட்டிச் செய்யும் கலை) மொத்தத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும்.

முதலில் காசு. மோமா, மெட்ரோபாலிட்டன் (சுருக்கமாக மெட்), விட்னி ஆகிய மூன்று அருங்காட்சியகங்களுக்கும் பெரியவர்களுக்கு ஆளுக்கு 30 டாலர். மூன்றும் சேர்ந்தால் நம்மூர்ப் பணத்தில் எட்டாயிரம் ரூபாய் அளவுக்குப் போய்விடும். ஒரு குடும்பம் போனால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். மாணவர் அட்டை இருந்தால் மோமாவிலும் மெட்டிலும் 17 டாலர். "வெள்ளிக்கிழமை மாலை இலவசம்" என்று ஆளாளுக்கு எழுதியிருப்பதை நம்பி மோமா வாசலில் நிற்காதீர்கள். அந்தச் சலுகை நியூயார்க் மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு மட்டும். மெட்டில் "விரும்பியதைக் கொடுங்கள்" என்பதும் அப்படியே, கூடவே பக்கத்து இரண்டு மாநில மாணவர்களுக்கும் உண்டு, அவ்வளவுதான். விட்னியில் மட்டும் வெள்ளிக்கிழமை மாலை 5 முதல் 10 வரை யாருக்கும் இலவசம். முன்பதிவு செய்துகொண்டு போங்கள்.

விமான நிலையத்தில் கட்டடத்துக்கு உள்ளேயே வந்து "டாக்ஸி, டாக்ஸி" என்று காதருகே கிசுகிசுப்பவர்களிடம் பெட்டியைக் கொடுத்தால், மேலே மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய்விடும். உரிமம் இல்லாதவர்கள், கேட்பதுதான் விலை. ஜேஎஃப்கேயிலிருந்து மன்ஹாட்டனுக்கு மஞ்சள் டாக்ஸிக்கு நிலையான கட்டணம் 70 டாலர். சுங்கம், கூடுதல் கட்டணம், டிப்ஸ் தனி. அதற்கும் மனசு வராதவர்கள் விமான நிலைய ரயிலான ஏர்ட்ரெயினில் ஜமைக்கா நிலையம் வரை வந்து, சுரங்க ரயிலான இ ரயிலில் ஏறலாம். இரண்டும் சேர்ந்து பன்னிரண்டு டாலர் அளவில் முடியும். அதே இ ரயில் ஐந்தாம் அவென்யூ 53ஆம் தெருவில், மோமாவுக்குக் கூப்பிடு தூரத்தில் இறக்கிவிடும்.

மோமா காலை 10.30க்குத் திறக்கும். கூட்டம் வான்கோவைத் தேடி ஐந்தாம் மாடிக்கு ஓடும். நீங்கள் நான்காம் மாடிக்குப் போங்கள். 1940களிலிருந்து 70கள் வரை உள்ளவை அங்கேதான். கிளம்பும் முன் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் படத்தின் பெயரைத் தட்டி, இப்போது காட்சியில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சுவரில் உள்ளவற்றை அடிக்கடி மாற்றுகிறார்கள். காகிதத்தில் செய்தவற்றை வெளிச்சத்துக்குப் பயந்து மாதக்கணக்கில் உள்ளேயே வைத்திருப்பார்கள். ராஷன்பெர்க், இத்தாலியக் கவிஞர் தாந்தேவின் 'நரகம்' காவியப் பகுதிக்காகச் செய்த 34 படங்களும் மோமாவுடையவைதான். அவை கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம்.

'கேன்யன்' கழுகுக்குத் தனிக் கதையே உண்டு. அது வெண்தலைக் கழுகு, அமெரிக்காவின் தேசியப் பறவை. 1940 சட்டப்படி அதை விற்கவோ வாங்கவோ கூடாது. படத்தை வைத்திருந்த கலை வியாபாரி இலியானா சொன்னபெண்ட் 2007இல் இறந்தபோது, விற்க முடியாத பொருளுக்கு மதிப்பு பூஜ்யம் என்று வாரிசுகள் கணக்குக் காட்டினார்கள். வருமான வரித்துறை அதை 65 மில்லியன் டாலர் என்று மதிப்பிட்டு, 29 மில்லியன் வரி கேட்டது. விற்றால் ஜெயில், விற்காவிட்டால் வரி! கடைசியில் 2012இல் மோமாவுக்குத் தானமாகக் கொடுத்து விவகாரத்தை முடித்தார்கள். அந்தக் கழுகு குப்பையிலிருந்து வந்தது. கார்னகி ஹால் என்ற இசையரங்கின் மாடியில் குடியிருந்த ஒருவரின் சாமான்களோடு வீசப்பட்டதை, அங்கேயே இருந்த ஓவியர் சாரி டீன்ஸ் எடுத்து ராஷன்பெர்க்கிடம் கொடுத்தார். கார்னகி ஹால் மோமாவிலிருந்து பத்து நிமிட நடை. உள்ளே போகத் தேவையில்லை, அண்ணாந்து பார்த்துவிட்டு வரலாம்.

திரும்பும்போது 53ஆம் தெருவும் ஆறாம் அவென்யூவும் சந்திக்கும் இடத்தில் ஹலால் தள்ளுவண்டிகள். மஞ்சள் சோறு, கொத்திய கோழி, மேலே வெள்ளைச் சாஸ். பத்துப் பன்னிரண்டு டாலருக்கு இரண்டு பேர் வயிறு நிறையும். சிவப்புச் சாஸை நம்மூர் நாக்கு என்ற தைரியத்தில் ஊற்றிக்கொள்ளாதீர்கள், உண்மையிலேயே காரம். அருங்காட்சியகக் காபிக்குக் கொடுக்கும் காசை இங்கே கொடுப்பது புத்திசாலித்தனம்.

மோமாவிலேயே இருக்கும், ஓவியர் ஜாஸ்பர் ஜான்ஸின் 'கொடி' (1954–55) முன்னால் குறைந்தது கால் மணி நேரம் ஒதுக்குங்கள். தூரத்தில் அது வெறும் அமெரிக்கக் கொடி. நட்சத்திரம் 48, ஏனென்றால் அலாஸ்காவும் ஹவாயும் சேர்ந்தது 1959இல். நெருங்கினால் மெழுகுக்கு அடியில் செய்தித்தாள் எழுத்துகள் மிதக்கும். முதலில் எனாமல் பெயின்டில்தான் தொடங்கினார். ஒரு தீற்றல் காய்வதற்குள் அடுத்தது அதோடு கலந்து குழம்பியது. அதனால் மெழுகுக்கு மாறினார். நீங்களும் செய்து பார்ப்பதானால், தேன்மெழுகில் குங்கிலியம் மாதிரியான டமார் பிசினைச் சேர்த்து உருக்கி, நிறப்பொடி கலக்க வேண்டும். எட்டுப் பங்கு மெழுகுக்கு ஒரு பங்கு பிசின் ஒரு நல்ல தொடக்கம். நேரடித் தீயில் வைக்கக்கூடாது, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல்தான். தூரிகையில் எடுக்க 80 டிகிரி செல்சியஸ் அளவு போதும். சூடு மிக அதிகமானால் புகையும், குறைந்தால் தூரிகையிலேயே கட்டிதட்டும். மெழுகு நொடிகளில் இறுகுவதால் ஒவ்வொரு தீற்றலும் தனித்தனியாக நிற்கிறது. காகிதமும் அப்படித்தான்: மெழுகில் நனைத்து வைத்தால் அதுவே பசை.

விட்னியில் இருக்கும் ஜான்ஸின் 'மூன்று கொடிகள்' (1958) முதலில் 900 டாலருக்கு விலைபோனது. 1980இல் விட்னி கொடுத்தது பத்து லட்சம் டாலர். 30 டாலருக்குப் புலம்புகிறவர்கள் இதை நினைத்து ஆறுதல் அடையலாம். அங்கே ஜே டிஃபியோவின் 'தி ரோஸ்' ஓவியம் தொங்கிக்கொண்டிருந்தால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அதன் முன் போய் நில்லுங்கள். 1958இல் தொடங்கி எட்டு வருடம் அதே துணியில் எண்ணெய் வண்ணத்தை ஏற்றி, செதுக்கி, மறுபடி ஏற்றி, மரத்துண்டும் அப்ரகமும் (மைக்கா) சேர்த்துச் செய்தது. எடை ஒரு டன்னை நெருங்கும். வீட்டிலிருந்து வெளியே எடுக்கச் சுவரையே அறுக்க வேண்டியிருந்தது. இவ்வளவு தடித்த எண்ணெய் வண்ணம் மேலே ஆடை கட்டும், உள்ளே இளகியே கிடக்கும், தன் எடையாலேயே சரியும். இன்று அதைத் தாங்குவது பின்னால் பொருத்திய எஃகுச் சட்டம். பல பொருள்களைக் கலந்து செய்யும் மிக்ஸட் மீடியாவில் பொருளின் எடையை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

மெட்டில் தேட வேண்டியது ரோமாரே பியர்டனின் 'தி பிளாக்' (1971). ஆறு பலகை, பதினெட்டு அடி நீளம். ஹார்லெமின் லெனாக்ஸ் அவென்யூவில் 132ஆம் தெருவுக்கும் 133ஆம் தெருவுக்கும் இடைப்பட்ட துண்டு அப்படியே விரிகிறது: சவ ஊர்வலம், முடிதிருத்தகம், ஜன்னலுக்குள் வாழ்க்கை. இதழ்ப் படங்கள், நிறக்காகிதம், போட்டோஸ்டாட் பிரதிகள், அவற்றின் மேல் வண்ணம். ஒரே முகத்தில் ஒரு கண் பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருப்பதைப் பாருங்கள். வெவ்வேறு அளவில் அச்சான துண்டுகளை வேண்டுமென்றே சேர்த்ததால் முகம் அசைவது போலிருக்கும். மேசனைட் (அழுத்திய மரநார்) பலகையில் ஒட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்பக்கம் மட்டும் ஒட்டினால் பசை காயும்போது பலகை வில்லாக வளையும், பின்பக்கமும் காகிதம் ஒட்டிச் சரிகட்ட வேண்டும். படம் காட்சியில் இல்லாவிட்டால் 2 அல்லது 3 ரயிலில் 135ஆம் தெருவில் இறங்கி அந்தத் தெருவையே நடந்துவிடலாம். மூன்று டாலர்தான்.

பழைய பொருள்களைப் பெட்டிக்குள் அடுக்கியே கலை செய்த ஜோசப் கார்னெலின் பெட்டிகளை மோமாவில் பாருங்கள். குவீன்ஸில் அவர் வாழ்ந்த யுடோபியா பார்க்வே வீட்டைத் தேடிப் போவது வீண். யாரோ குடியிருக்கிற தனியார் வீடு.

ஊர் திரும்பியதும் ராஷன்பெர்க் அந்தத் தாந்தே படங்களில் செய்த படப்பெயர்ப்பை (அச்சான படத்தை வேறு காகிதத்தில் இறக்குவதை) முயன்று பார்க்க எல்லாருக்கும் கை அரிக்கும். புதிதாக அச்சான பளபளப்பு இதழ்ப் படத்தை லைட்டர் எண்ணெயில் லேசாக நனைத்து, காகிதத்தில் கவிழ்த்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஒரே திசையில் தேயுங்கள். படம் இடவலம் மாறி விழும், அதனால் எழுத்துள்ள பகுதியைத் தவிர்த்துவிடுங்கள். எண்ணெய் அதிகமானால் மை பரவிக் கறைதான் மிஞ்சும். குறைந்தால் வெறும் கீறல். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பு பக்கத்தில் வேண்டாம். எண்ணெய் டப்பாவை அங்கேயிருந்து வாங்கிவர நினைக்காதீர்கள்: கைப்பையிலும் சரி, செக்-இன் பெட்டியிலும் சரி, விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள்.