பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளை ஒப்படைக்க நாங்கள் பட்ட பாடு

2019-இல் மலேசியாவில் அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டபோது, எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) பலர் தட்டைத் திரைக்கு மாறினார்கள். தோட்டத்து லயத்திலிருந்து குடிபெயர்ந்தபோது கூடவே வந்த கனத்த பெட்டிகள் அதன் பிறகு வீட்டு மூலைகளில் முடங்கின. குடியிருப்பாளர் சங்கத்தின் சார்பில் அவற்றையும், பழுதான கணினி, கைப்பேசி, குழல் விளக்குகளையும் திரட்டி முறையாக ஒப்படைக்க முன்வந்தோம். திரட்டும் வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே முடிந்துவிட்டது.

உள்ளூர் அலுவலகத்தில் விசாரித்தபோது, முகப்பில் இருந்தவர் நிமிர்ந்து பாராமலேயே, "பழைய மெத்தை, நாற்காலியோடு வெளியே வையுங்கள், லோரி வந்து எடுத்துக்கொள்ளும்" என்றார். அதன்படியே வைத்தோம். லோரிக்காரர்கள் மெத்தைகளை ஏற்றிக்கொண்டு, பெட்டிகளைத் தொட மறுத்துவிட்டார்கள். அவர்கள்மேல் குறை சொல்ல ஏதுமில்லை. 2005-ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு (அபாயமுள்ளதாகப் பட்டியலிடப்பட்ட கழிவு) விதிமுறைகளில் மின்கழிவுக்கு 'எஸ்டபிள்யூ 110' என்ற குறியீடே இருக்கிறது. தொழிற்சாலைகள் அதை உரிமம் பெற்றவரிடம்தான் கொடுத்தாக வேண்டும். வீட்டில் இருப்பவர் எங்கே கொடுப்பது என்று சொல்லத்தான் அந்த முகப்பில் ஆளில்லை.

அன்றிரவு யாரோ சில பெட்டிகளை உடைத்து, படக்குழாயின் கழுத்தில் சுற்றியிருக்கும் செம்புச் சுருளை உருவிக்கொண்டு, கண்ணாடியைக் கால்வாயோரம் வீசிவிட்டுப் போயிருந்தார்கள். வண்ணப் படக்குழாயின் கூம்புப் பகுதிக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. பிள்ளைகள் சைக்கிள் ஓட்டும் அந்த இடத்தில் கையுறை போட்டுக்கொண்டு துண்டு துண்டாகப் பொறுக்கியதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை. ஒரே ஒரு சரியான பதில் கிடைத்திருந்தால் இது நேர்ந்திருக்காது. ஆகவே, எடுத்துச்செல்லும் நாள் உறுதியாகும்வரை எதையும் வெளியே வைக்காதீர்கள். பழைய இரும்புக்காரர் நல்ல விலை சொன்னாலும், மிச்சத்தை என்ன செய்வார் என்று கேளுங்கள். வயரை எரித்துச் செம்பு எடுக்கும்போது எழும் புகையில் டையாக்சின் போன்ற நச்சுகள் இருக்கின்றன.

பிறகு சுற்றுச்சூழல் துறையின் இணையத்தளத்தில் சேகரிப்பு மையங்களின் பட்டியலைக் கண்டு, மிக அருகில் இருந்த மையத்துக்கு வாடகை வேனில் எல்லாவற்றையும் ஏற்றிச் சென்றோம். அங்கே கைப்பேசியும் மடிக்கணினியும் மட்டுமே பெறுவார்களாம். பட்டியலில் அப்படி ஒரு குறிப்பும் இல்லை. வேன் வாடகையும் அரைநாள் சம்பளமும் வீணாயின. போவதற்கு முன் தொலைபேசியில் அழைத்து, எந்தெந்தப் பொருளைப் பெறுவார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிடுங்கள்.

மின்கழிவைப் பிரித்துப் பயனுள்ள பொருள்களை எடுக்கும், உரிமம் பெற்ற மீட்புத் தொழிற்சாலை ஒன்றுதான் கடைசியில் கைகொடுத்தது. ஒரு லோரிக்குப் போதுமான அளவு சேர்ந்தால் தாங்களே வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள்; பக்கத்துத் தாமானையும் சேர்த்துக்கொண்டதும் அளவு நிறைந்துவிட்டது. உப்பிய பேட்டரிகளைத் துளைக்காமல் தனியே வைக்கும்படியும், கைப்பேசிகளில் உள்ள தரவுகளை அழித்து சிம் அட்டைகளைக் கழற்றிவிடும்படியும் முன்கூட்டியே அறிவுறுத்தினார்கள். எடை குறித்த ரசீதைக் கேட்டு வாங்கிக்கொண்டோம்.

அந்த ரசீதின் நகலை இணைத்து, பழைய முகப்பிலேயே கடிதம் கொடுத்தோம். இப்போது அங்குள்ள அறிவிப்புப் பலகையில் சேகரிப்பு மையங்களின் முகவரிகளும், அவை பெறும் பொருள்களும் ஒட்டப்பட்டிருக்கின்றன. பாதரசம் உள்ள குழல் விளக்குகளைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அதற்கும் கடிதம் கொடுத்திருக்கிறோம்.