எந்தப் பட்டம் படித்தால் ஐ.நா.வில் சேரலாம்?

விசைப்படகுகள் கரையில் கிடக்கும் தடைக்காலத்தில் பாம்பனுக்கு விடுமுறையில் வந்திருக்கிறேன். நான் ஜெனீவாவில் முதுகலை படிப்பதை அறிந்த தங்கச்சிமடத்துக் கல்லூரிப் பிள்ளைகள் முதலில் கேட்பது, "எந்தப் படிப்பு படிச்சா ஐ.நா.வுல சேரலாம் அக்கா?" என்பதுதான். பட்டத்தின் பெயரைவிட, எந்தச் சிக்கலை நாம் அடிமுதல் நுனிவரை அறிந்திருக்கிறோம் என்பதே முக்கியம் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஜெனீவாவில் காலூன்றுவது எளிதன்று. வாடகைக்கு அறை கிடைப்பது அரிது. மூன்று மாதத்துக்குள் மருத்துவக் காப்பீட்டுக்கு ஏற்பாடு செய்தாக வேண்டும். வீட்டு ஒப்பந்தம் முதல் வங்கிக் கடிதம் வரை எல்லாம் பிரெஞ்சில்தான் வரும். ஐ.நா. செயலகத்தின் பணி மொழிகள் ஆங்கிலமும் பிரெஞ்சும் என்பதால், கல்லூரியில் சேர்ந்த ஆண்டிலேயே பிரெஞ்சு படிக்கத் தொடங்குவது நல்லது.

எனக்கு அறை பார்த்துக் கொடுத்தவர் மளிகைக் கடை நடத்தும் ஓர் ஈழத்து அக்கா. ஊர் பாம்பன் என்றதும், மிளகாய்த்தூள் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நிமிர்ந்து, "நாங்கள் முதல் மண்டபம் காம்பிலதான் இருந்தனாங்கள்" என்றார். இலங்கை அகதிகளுக்கான மண்டபம் முகாமைத்தான் சொன்னார். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா இன்றுவரை சேரவில்லை. அந்த உடன்படிக்கையைப் பாடமாக மட்டும் படிப்பவர்கள் நடுவே, முகாம் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் படித்த ஒருவர் உட்கார்ந்தால் அவர் கேட்கும் கேள்விகள் வேறாக இருக்கும்.

கடல் தொழிலும் அப்படித்தான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2007இல் நிறைவேற்றிய 188ஆம் உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது; மீன்பிடிப் படகில் வேலை செய்பவரையே அது மீன்பிடித் தொழிலாளர் என்று வரையறுக்கிறது. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்தெடுக்கும் என் அம்மா அந்த வரையறைக்குள் எங்கே வருகிறார்? உணவு வேளாண்மை அமைப்பின் சிறு அளவிலான மீன்பிடிப்புக்கான 2014ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் பெண்களின் உழைப்பைக் கணக்கில் எடுத்தாலும், அவை நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்துவதில்லை. இந்த இடைவெளியைத்தான் என் ஆய்வேட்டுக்கு எடுத்திருக்கிறேன்.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். ஐ.நா. செயலகம் பயிற்சி மாணவர்களுக்கு ஊதியம் தருவதில்லை. விலைவாசி மிகுந்த ஜெனீவாவில் இது நம் போன்ற குடும்பங்களுக்குக் கதவைச் சாத்துவதற்குச் சமம் என்பதே என் கருத்து. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் உதவித்தொகை தருகின்றன. அவற்றுக்கு முதலில் விண்ணப்பியுங்கள். செயலகத்தின் இளம் பணியாளர் தேர்வுக்கு வயது வரம்பு 32. எந்தெந்த நாட்டவர் எழுதலாம் என்ற பட்டியல் ஆண்டுதோறும் மாறும் என்பதால் அதையே நம்பியிருக்க முடியாது.

முதல் அனுபவத்துக்கு வெளிநாடுதான் போக வேண்டும் என்பதில்லை. இந்தியா, இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு ஆகிய நாடுகள் சேர்ந்து நடத்தும் வங்காள விரிகுடாத் திட்ட அமைப்பின் தலைமையகம் சென்னையிலேயே இருக்கிறது. சிறு அளவிலான மீன்பிடிப்பு அதன் முதன்மையான வேலைகளில் ஒன்று.