சித்திரை முதல் நாளும் சீயக்காய்த் தண்ணீரும்

சியாங் மாயில் ஏப்ரல் 13, 14, 15 மூன்று நாளும் வெளியே கிளம்பினால் நனைந்துதான் வீடு திரும்ப வேண்டும். காய்கறி வாங்கப் போனாலும் சரி, கோயிலுக்குப் போனாலும் சரி. தாய்லாந்து முழுக்க அப்போது சொங்க்ரான். நம்ம சங்கிராந்திதான் அந்தச் சொல். சூரியன் மேஷத்துக்குள் நுழைகிற அதே கணக்கு. அதனால்தான் அவர்கள் வருஷப் பிறப்பும் நம் சித்திரை முதல் நாளும் ஒன்றாகவே வந்து விழுகின்றன. 1941இல் ஜனவரி 1ஐ அரசாங்கப் புத்தாண்டாக்கிவிட்டார்கள். ஆனால் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் வருஷம் பிறப்பது சொங்க்ரானில்தான் என்பார்கள். 2023 டிசம்பரில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் இது சேர்ந்தது.

என் கணவருக்கு லாம்பூன் தொழிற்பேட்டையில் வேலை. 2022 கடைசியில் மதுரையிலிருந்து பையனைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தோம். சியாங் மாய்க்கும் லாம்பூனுக்கும் நடுவில் சாரபி என்ற ஊரில் வாடகை வீடு. பழைய லாம்பூன் சாலையில் இரண்டு பக்கமும் யாங் மரங்கள் அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் நிற்கும்; வெட்டிவிடக் கூடாதென்று அடிமரத்தில் காவித் துணி சுற்றியிருப்பார்கள். வீட்டுச் சொந்தக்காரப் பாட்டி அதே காம்பவுண்டில் பின்வீட்டில் மகளோடும் பேரனோடும் இருக்கிறார். வட தாய்லாந்துப் பேச்சில் பாட்டிக்கு ‘மே உய்’. எங்களுக்கும் அவர் மே உய்தான். மகளை நான் ‘பீ’ என்று கூப்பிடுவேன். அக்கா, அண்ணன் இரண்டுக்கும் இங்கே அந்த ஒரு சொல்தான்.

முதல் வருஷம் எனக்கு நல்லபடியாக அமையவில்லை. கொரோனாவால் மூன்று வருஷம் அடங்கிக் கிடந்த திருவிழா 2023இல் திரும்பி வந்திருந்தது. காட்டுத்தீப் புகை மண்டி, எதிரே இருக்கிற தோய் சுதேப் மலையே கண்ணுக்குத் தெரியாத ஏப்ரல் அது. 14ஆம் தேதி காலையில் மாங்காய்ப் பச்சடிக்கு மாங்காயும் பனங்கட்டியும் வாங்கலாமென்று வாரோரோட் சந்தைக்கு ஸ்கூட்டரில் போனேன். வழியெல்லாம் தண்ணீர் தெளித்தார்கள், சிரித்துக்கொண்டே தாண்டி வந்துவிட்டேன். எங்கள் வீட்டு வாசலில்தான் மாட்டினேன். மே உய்யின் பேரனும் அவன் கூட்டாளிகளும் ஐஸ் கட்டி மிதக்கிற டிரம்மிலிருந்து ஒரு வாளியை மொண்டு அப்படியே என் மடியில் ஊற்றினார்கள். ஸ்கூட்டரின் முன்கூடையில் கைப்பை. கைப்பைக்குள் முந்தின நாள் நகல் எடுக்கக் கொண்டுபோன பாஸ்போர்ட்.

விசா முத்திரையின் மை கரைந்து பக்கத்தோடு பக்கம் ஒட்டிப்போனதைப் பார்த்ததும் என்னால் அடக்க முடியவில்லை. தமிழிலும் ஆங்கிலத்திலுமாக அந்தப் பையனைத் தாறுமாறாகத் திட்டினேன். பதினைந்து வயதுப் பையன். வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பித் தலையைக் குனிந்தவன் நிமிரவே இல்லை. மே உய் பின்வாசலில் வந்து நின்று பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் ஒரு சீப்பு வாழைப்பழமும் உலர்ந்த துண்டும் கொண்டுவந்து கொடுத்தார். முகம் கொடுத்துப் பேசாமல் வாங்கி வைத்தேன். புதுப் பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் இரண்டு மாதம் அலைந்தோம். அந்த அலைச்சலில் கோபம் ஆறவே இல்லை. பின்வீட்டோடு ‘சவாதீ க்கா’ சொல்வதோடு சரி என்று ஒரு வருஷம் போய்விட்டது.

அம்மா போனில், “நல்ல நாளும் அதுவுமா பிள்ளையைப் போய் வஞ்சிருக்கியேடி” என்றார். அது மட்டும் மனசில் தைத்துக்கொண்டே இருந்தது.

2024இல் பையனுக்காகத்தான் கோட்டைப் பக்கம் போனேன். மங்ராய் மன்னர் 1296இல் நிறுவிய பழைய நகரம் அது. ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் நீளும் சதுரம், சுற்றிலும் அகழி. சொங்க்ரானுக்கு அந்த அகழிதான் எல்லாருக்கும் கிணறு. வாளியில் கயிறு கட்டி இறைக்கிறார்கள், பிக்கப் வண்டிகளில் நீல டிரம்மை ஏற்றிக் குடும்பத்தோடு சுற்றி வருகிறார்கள். என் கணவரோடு வேலை பார்க்கும் ஜப்பானியர்கள், பிலிப்பினோக்கள், பணி ஓய்வுக்குப் பின் இங்கேயே தங்கிவிட்ட ஐரோப்பியர்கள், மியான்மரிலிருந்து வந்து கட்டட வேலை செய்யும் ஷான் இளைஞர்கள் எல்லாரும் ஒரே ஈரத்தில் நின்றார்கள். மற்ற நாட்களில் இவர்கள் ஒரு மேஜையில் உட்கார்ந்து பார்த்ததில்லை. பத்து நிமிஷத்தில் நானும் ஒரு வாளி வாங்கிவிட்டேன். எதிர்வண்டியில் வந்த ஒரு போலீஸ்காரர் மேலேயே என் பையன் தண்ணீர் அடிக்க, அவர் இறங்கி வந்து அவன் கன்னத்தில் வெள்ளைக் குழம்பு பூசிவிட்டுப் போனார். தின் சோ போங் என்கிற அந்தச் சுண்ணமண் காயக்காய நெற்றியில் நீறு இட்டதுபோலக் குளுகுளுவென்று இருக்கும்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான், தா பே வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு வயசான அம்மாவைப் பார்த்தேன். மடியில் சின்ன வெள்ளிக் கிண்ணம், அதில் மல்லிகை மிதக்கிற தண்ணீர். என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். ஊற்றட்டுமா என்று கண்ணாலேயே கேட்டுவிட்டு, தோளில் ஒரு கரண்டி அளவுதான் ஊற்றினார். ஏதோ சொன்னார், ‘சுக்சான்’ என்ற ஒரு சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. குழாயிலும் துப்பாக்கியிலும் அத்தனை தண்ணீர் வாங்கியும் சும்மா இருந்த எனக்கு, அந்த ஒரு கரண்டித் தண்ணீருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மதுரைக்காரி நான். அழகர் ஆற்றில் இறங்கும்போது தோல் பையில் தண்ணீர் நிரப்பிச் சாமிமேல் பீய்ச்சுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவள். சித்திரை வெயிலில் தண்ணீரை ஏன் வாரி இறைக்கிறார்கள் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் அதை இங்கே பொருத்திப் பார்க்க எனக்கு ஒரு வருஷமும் ஒரு கிண்ணமும் தேவைப்பட்டன.

புதிதாக வருகிறவர்களுக்கு இந்த இடத்தில் சிலதைச் சொல்லியே ஆக வேண்டும். போனைக் கழுத்தில் தொங்கவிடும் பிளாஸ்டிக் உறை எல்லாக் கடையிலும் கிடைக்கும், அதைப் போட்டுக்கொள்ளுங்கள். மூலப் பத்திரங்களை வீட்டில் பூட்டி வையுங்கள். பிக்குகள், கைக்குழந்தைகள், வயசானவர்கள் மேல் வாளியைக் கவிழ்க்கக் கூடாது. அகழித் தண்ணீர் கண்ணில் படாமல் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். நான் அதில் அசட்டையாக இருந்து, பையனுக்குக் கண் சிவந்து வீங்கி ஒரு வாரம் சொட்டு மருந்து விட்டேன். எல்லாவற்றையும்விட, இந்த நாட்களில் இருசக்கர வாகனத்தைத் தொடாதீர்கள். சொங்க்ரானைச் சுற்றிய ஒரு வாரத்தை அரசாங்கமே ‘ஏழு அபாய நாட்கள்’ என்று பெயரிட்டு எண்ணுகிறது. குடியும் வேகமும் ஈரச்சாலையும் சேர்ந்து ஒவ்வொரு வருஷமும் ஊர் திரும்புகிறவர்களில் எத்தனையோ பேர் சாகிறார்கள். பைக்கில் போகிறவர் முகத்தில் தண்ணீர் அடிப்பது விளையாட்டில் சேராது.

போன வருஷத்துக்கு வருகிறேன். 2025 ஏப்ரல் 12 அன்று பீ வந்து, “இந்த முறை எங்களோடு இரு” என்றார். நாளுக்கு நாள் என்ன செய்வார்கள் என்று வரிசையாகச் சொன்னார். 13ஆம் தேதி சங்கான் லோங்: விடியலில் வெடி வெடித்துப் பழைய வருஷத்தை விரட்டி, வீடு கூட்டி, துணி துவைக்க வேண்டும். நம்ம போகியேதான். அன்று வாட் ப்ரா சிங் கோயிலின் புத்தர் சிலை ஊர்வலம் வரும். அந்தச் சிலை இலங்கையிலிருந்து வந்தது என்பது ஐதீகம். 14ஆம் தேதி வான் நாவ். நாவ் என்றால் அழுகல். அன்று யாரையும் கடுஞ்சொல் சொல்லக் கூடாது, சொன்னால் வருஷம் முழுக்க வாய் அழுகிப்போகும் என்பது நம்பிக்கை.

எனக்குச் சுருக்கென்றது. “அன்னைக்கு நான் தம்பியைத் திட்டினது 14ஆம் தேதிதானே?” என்று கேட்டேன். பீ தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார். “அம்மா அன்று ராத்திரி புத்தர் முன்னால் உனக்காக மெழுகுவத்தி ஏற்றினார். ஊர் விட்டு ஊர் வந்த பெண், வழக்கம் தெரியாமல் சொல்லிவிட்டாள், அவளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று.”

இரண்டு வருஷம் அந்த அம்மாளிடம் முகம் திருப்பிக்கொண்டு நடந்திருக்கிறேன்.

14ஆம் தேதி எங்கள் வீட்டில் வேப்பம்பூப் பச்சடி. பிப்ரவரிச் சந்தையில் சதாவ் என்று கட்டுக்கட்டாக விற்கிற வேப்பம்பூவை வாங்கிக் காயவைத்திருந்தேன். பகலில் கோயிலுக்கு மணல் சுமந்தோம். வருஷம் முழுக்கக் காலில் ஒட்டி வெளியே போன கோயில் மண்ணைத் திருப்பிக் கொடுப்பதாக அர்த்தம். அந்த மணலைக் குவித்துச் சேதி என்கிற சின்ன ஸ்தூபி கட்டிக் காகிதக் கொடி நட்டார்கள். பையன் இரண்டு பக்கெட் சுமந்தான்.

அன்று இரவு பின்வீட்டுச் சமையலறையில் பீ கரி அடுப்பில் ஏதோ காய்களை வாட்டிக்கொண்டிருந்தார். வாசனை முற்றத்தைத் தாண்டி வந்து என்னை எழுப்பி உட்கார வைத்தது. போய்ப் பார்த்தேன். தட்டையாக, பழுப்பாக, விதைக்கு விதை சுருங்கிய காய். ‘சோம் போய்’ என்றார் பீ. ஒன்றை வாங்கி ஒடித்தேன், நனைத்து உள்ளங்கையில் தேய்த்தேன். நுரை வந்தது. சீயக்காய்! எங்கள் ஆச்சி வெயிலில் உலர்த்தி, மில்லில் அரைத்து, தகர டப்பாவில் அடைத்து வைத்த அதே சீயக்காய். இங்கே வாட்டி ஒடித்து, மஞ்சளோடு தண்ணீரில் போடுகிறார்கள். மஞ்சத்தண்ணி ஊற்றி விளையாடுகிற ஊரிலிருந்து வந்தவளுக்கு மஞ்சளும் சீயக்காயும் கலந்த தண்ணீர். நான் நுரையைக் காட்டித் தலையில் தேய்ப்பதுபோலச் சைகை செய்ததும் மே உய் முகம் மலர்ந்துவிட்டது. சின்ன வயதில் தானும் இதில்தான் தலை அலசியதாகச் சொன்னார். அடுத்த நாள் சடங்கின் பெயரே ‘டாம் ஹுவா’. ஹுவா என்றால் தலை. தலை முழுகுவது என்றுதான் பொருள்.

15ஆம் தேதி, பாயா வான். கோயிலுக்குப் போய்வந்த பிறகு மே உய்யை முற்றத்தில் பாய் போட்டு உட்காரவைத்தார்கள். எதிரே சலுங் என்கிற வெள்ளிக் கிண்ணத்தில் அந்த மஞ்சள் தண்ணீர். நான் தட்டில் வாழைப்பழம், தேங்காய், மதுரையிலிருந்து கொண்டுவந்து பிரிக்காமலே வைத்திருந்த ஒரு சுங்குடித் துணி வைத்திருந்தேன். பீ எல்லாருக்கும் சேர்த்து மன்னிப்பு கேட்கும் வாசகத்தைச் சொன்னார். அதில் மூன்று சொற்கள் எனக்குத் தெளிவாகக் கேட்டன. காய், வாசா, சாய். உடம்பால், சொல்லால், மனசால், தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழை. மனம் வாக்கு காயம் என்று நாம் சொல்கிற அதே மூன்று. எனக்கு வாசா போதும் என்று தோன்றியது. என் முறை வந்தபோது மண்டியிட்டுத் தட்டை நீட்டி, எனக்குத் தெரிந்த தாய்லாந்துப் பேச்சில், “அந்த வருஷம் பேசினதுக்கு மன்னிச்சுக்குங்க மே உய்” என்றேன். அவர் கிண்ணத்தில் விரல் நனைத்துத் தன் நரைமுடியைத் தடவிக்கொண்டார். மிச்சத்தை என் தலையில் தெளித்தார். நீளமாக வாழ்த்தினார். என் பையன் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டினார்.

எழுந்திருக்கப் போனேன். பேரன் ஒரு சின்னக் கிண்ணத்தோடு என் முன்னால் வந்து மண்டியிட்டான். இப்போது பதினேழு வயது, என்னைவிட உயரம். என் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துப் பிடிக்கச் சொல்லி, ஒரு சொட்டும் சிந்தாமல் மெல்ல ஊற்றினான். அன்று வாளியைக் கவிழ்த்த அதே கை. என்ன செய்வதென்று தெரியாமல் மே உய்யைப் பார்த்தேன். தலையைத் தொட்டுக் காட்டினார். நனைந்த கையால் என் உச்சியைத் தடவி, அவன் தலையில் தெளித்தேன். வாழ்த்துக்கு வார்த்தை தமிழில்தான் வந்தது. “நல்லா இருப்பா.” அவனுக்குப் புரிந்திருக்கும்.

மறுநாள் பாக் பீ, வருஷத்தின் வாசல். அன்று வீட்டுக்கு வீடு பலாக்காய்க் குழம்பு வைப்பார்கள். பலாவின் பெயரான கனூனில் வரும் ‘நூன்’ என்ற சொல்லுக்குத் தாங்கிப் பிடிப்பது என்று பொருள். வருஷம் முழுக்க நம்மைத் தாங்கும் என்று சாப்பிடுகிறார்கள். பீ ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினார். அந்தக் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்ப மனசில்லாமல் தேங்காய் போட்டுப் பலாக்காய்ப் பொரியல் செய்து கொடுத்தேன். பேரன் இரண்டாம் முறையும் கேட்டு வந்தான்.

அதோடு மே உய் ஒரு பொட்டலம் சோம் போய் கொடுத்திருந்தார். சனிக்கிழமை காலையில் பையனுக்கு நல்லெண்ணெய் தேய்த்து ஊறவைத்து, அந்தக் காயை இடித்து வெந்நீரில் கரைத்துத் தலையில் தேய்த்தேன். கண் எரிகிறதென்று காம்பவுண்டே அதிரக் கத்தினான். பின்வீட்டிலிருந்து மே உய் சிரிக்கிற சத்தம் கேட்டது.