எது மாறியது என்று எப்படித் தெரிகிறது: ஃபிரேம்வொர்க் குறிப்புகள்

மார்ச் 3, 2025

வலைப்பக்கத் திரைகளைக் கட்ட உதவும் ஆயத்தக் கட்டமைப்புதான் ஃபிரேம்வொர்க். அவற்றில் ரியாக்ட்டா, வியூவா என்ற வாக்குவாதம் பெரும்பாலும் வேகத்தில் ஆரம்பித்து வேகத்திலேயே முடிகிறது. நூறு வரியில் எழுதும் மாதிரி ஆப்பில் எல்லாமே வேகம்தான். அதைவிட முக்கியமாகப் படுவது வேறொரு கேள்வி: டேட்டாவில் ஒரு மதிப்பு மாறினால், அது மாறிவிட்டது என்று ஃபிரேம்வொர்க்குக்கு எப்படித் தெரிகிறது? ஒவ்வொன்றும் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. அடிக்கடி தலைவலி தரும் பிழைகள் அந்த வழியிலிருந்துதான் பிறக்கின்றன.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரே திரை போதும். வரிசைக்கு ஓர் இன்புட் பெட்டி உள்ள அட்டவணை, மேலே புது வரிசை சேர்க்க ஒரு பட்டன், நொடிக்கு ஒன்று ஏறும் ஓர் எண்.

மார்ச் 4

ரியாக்ட்டுக்குத் தானாக எதுவும் தெரியாது. நாம்தான் செட்டரை, அதாவது மதிப்பை மாற்றும் ஃபங்ஷனை, கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். சொன்னதும் பழைய மதிப்பும் புதியதும் ஒன்றா என்று பார்க்கும். அரே (மதிப்புகளின் பட்டியல்) என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காது, அதே அரேதானா என்று மட்டுமே பார்க்கும். அதனால் புஷ் செய்துவிட்டு, அதாவது கடைசியில் ஒன்றைச் சேர்த்துவிட்டு, அதே அரேயைக் கொடுத்தால் திரை அசையாது. பழையதை நகலெடுத்துப் புது அரேயாகக் கொடுக்க வேண்டும்.

நொடி எண்ணில் இன்னொரு பொறி இருக்கிறது. யூஸ்எஃபெக்ட்டுக்குள் (திரை வரைந்த பிறகு ஓடும் பகுதி) ஒரு டைமர், சார்புப் பட்டியல் (எது மாறினால் அது மறுபடி ஓட வேண்டும் என்ற பட்டியல்) காலி, உள்ளே "எண் + 1" என்று செட்டருக்குக் கொடுக்கிறோம். எண் 1-இல் நின்றுவிடும். டைமர் ஃபங்ஷன் உருவானபோது எண்ணின் மதிப்பு 0. அந்த 0-வைத்தான் அது கடைசிவரை பிடித்துக்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு நொடியும் 0 + 1 என்றே போடுகிறது. செட்டருக்கு மதிப்பைக் கொடுக்காமல், முந்தைய மதிப்பை வாங்கி ஒன்று கூட்டும் ஃபங்ஷனைக் கொடுத்தால் சரியாகிவிடும். எஃபெக்ட் முடியும்போது டைமரை நிறுத்தும் வரியும் கட்டாயம். சார்புப் பட்டியலைப் பற்றி லின்ட் (குறியீட்டைச் சோதிக்கும் கருவி) எச்சரித்தால் அதன் வாயை அடைக்காதீர்கள். பத்தில் ஒன்பது முறை அது சொல்வதுதான் சரி.

மார்ச் 5

கீ, அதாவது ஒவ்வொரு வரிசைக்கும் நாம் கொடுக்கும் அடையாளம், தனியாகப் பேச வேண்டிய விஷயம். முதல் வரிசையின் பெட்டியில் ஏதோ டைப் செய்திருக்கிறோம். மேலே புது வரிசை சேர்க்கிறோம். டைப் செய்தது தன் வரிசையோடு கீழே இறங்காமல் புது வரிசையில் ஒட்டிக்கொள்கிறது. கீயாக வரிசை எண்ணை, அதாவது 0, 1, 2 என்று கொடுத்ததுதான் காரணம். நேற்று 0 இருந்தது, இன்றும் 0 இருக்கிறது. ஆகவே அதே பெட்டி என்று ரியாக்ட் முடிவு செய்துவிடுகிறது. மதிப்பை ஸ்டேட்டில் (ஃபிரேம்வொர்க் கவனிக்கும் டேட்டாவில்) கட்டாத பெட்டிகளில் இது அப்பட்டமாகத் தெரியும். டேட்டாபேஸ் ஐடியைக் கீயாகக் கொடுங்கள். ரேண்டம் எண் கொடுத்தால் இன்னும் மோசம்: ஒவ்வொரு ரென்டரிலும், அதாவது திரையை வரையும் ஒவ்வொரு முறையும், பெட்டி அழிந்து புதிதாகப் பிறக்கும், ஒரு எழுத்து அடித்ததுமே கர்சர் போய்விடும்.

இதை ரியாக்ட்டின் குறையாகச் சொல்கிறவர்கள் வியூவிலும் ஸ்வெல்ட் என்ற இன்னொரு ஃபிரேம்வொர்க்கிலும் கீ இல்லாமல் எழுதிப் பார்க்கட்டும். அங்கேயும் இதேதான் நடக்கும்.

மார்ச் 7

வியூ தானே கவனிக்கும். வியூ 2 ஒவ்வொரு பிராப்பர்ட்டிக்கும் கெட்டர், செட்டர் (படிக்கும்போதும் எழுதும்போதும் ஓடும் ஃபங்ஷன்கள்) வைத்துக் கவனித்தது. பிறகு சேர்த்த புதுப் பிராப்பர்ட்டி அதன் கண்ணில் படாது. 2020-இல் வந்த வியூ 3 பிராக்ஸிக்கு (ஆப்ஜெக்ட்டைச் சுற்றி நின்று எல்லா மாற்றத்தையும் பார்க்கும் உறை) மாறியதும் அந்தத் தொல்லை ஒழிந்தது. புஷ் செய்தால் திரை மாறுவது இரண்டு பதிப்பிலும் உண்டு. ஆனால் இப்படிக் கவனிக்கப்படும் ரியாக்டிவ் ஆப்ஜெக்ட்டைப் பிரித்து ஓர் எண்ணைத் தனி மாறியில் எடுத்தால், கையில் வருவது வெறும் எண். பிராக்ஸியோடு அதற்கு உறவு அறுந்துவிடும். எண், எழுத்துச்சரம் எல்லாவற்றையும் ரெஃப் (ஒற்றை மதிப்பைக் கவனிக்கும் உறை) ஆக வைத்தால் இந்தக் குழப்பம் வராது.

மார்ச் 8

ஸ்வெல்ட் 4 வரை கம்பைலர் (நம் குறியீட்டை முன்கூட்டியே மாற்றித் தரும் கருவி) சமன் குறியைத் தேடியது. புஷ் எழுதினால் சமன் குறி இல்லை, திரையும் மாறாது. 2024 அக்டோபரில் வந்த ஸ்வெல்ட் 5-இல் ஸ்டேட் ரூன் (ஸ்டேட்டை அறிவிக்கும் சிறப்புக் குறி) பிராக்ஸியைக் கொண்டுவந்தது. வியூவுக்கு வெகு அருகில் வந்துவிட்டது. எழுதிப் பார்க்க மிகவும் பிடித்தது இதுதான், குறியீடு அவ்வளவு குறைவு.

மார்ச் 10

ஆங்குலர், பதிப்பு 20 வரை இயல்பாக: கிளிக், டைமர், நெட்வொர்க் பதில் எது நடந்தாலும் சோன்.ஜேஎஸ் என்ற லைப்ரரி தகவல் சொல்லும். உடனே ஆங்குலர் காம்பொனென்ட் (திரையின் ஒரு துண்டு) மரத்தை மேலிருந்து கீழ்வரை சரிபார்க்கும். ஆன்புஷ் என்ற அமைப்பை வைத்தால் தேவையற்ற கிளைகளை விட்டுவிடும், ஆனால் இன்புட்டாக வந்த ஆப்ஜெக்ட்டை உள்ளுக்குள் மாற்றினால் கண்டுகொள்ளாது. 2023-இல் பதிப்பு 16-இல் தொடங்கிய சிக்னல்கள் (தாம் மாறியதைத் தாமே சொல்லும் மதிப்புகள்)தான் அதற்குச் சரியான வழி.

மார்ச் 12

வேகத்தை அளந்தே தீர வேண்டுமென்றால் புரொடக்ஷன் பில்டில் (பயனர்களுக்குப் போகும் இறுதி வடிவத்தில்) அளக்கவும். டெவலப்மென்ட்டில் ரியாக்ட்டின் ஸ்ட்ரிக்ட் மோட் காம்பொனென்ட்டை இரண்டு தடவை ஓட்டும். அந்த எண்ணை வைத்து வாதாடுவது வீண். குரோமில் சிபியு வேகத்தை 4 மடங்கு குறைத்துப் பாருங்கள். பக்கத்தின் பெரிய பகுதி தோன்ற 2.5 நொடி, கிளிக்குக்குத் திரை பதில் சொல்ல 200 மில்லிநொடி. கூகுள் நல்லது என்று வைத்திருக்கும் எல்லை இது. 1000 வரிசை அட்டவணை திணறினால் ஃபிரேம்வொர்க்கை மாற்றிப் பயனில்லை. கண்ணுக்குத் தெரியும் வரிசைகளை மட்டும் ரென்டர் செய்யுங்கள்.

மார்ச் 13

எது மாறியது என்ற கேள்வியே எழாத வழியும் உண்டு. சர்வரில் ஓடும் ஃபிரேம்வொர்க்குகளான ஜாங்கோ, ரெயில்ஸ், லாராவெல் மூன்றும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் டேட்டாபேஸிலிருந்து பக்கத்தைப் புதிதாகக் கட்டுகின்றன. கவனித்துக்கொள்ள பிரவுசரில் ஸ்டேட்டே இல்லை. அங்கே வரும் வில்லங்கம் வேறு. 50 பதிவுகளை எடுத்து ஒவ்வொன்றிலும் எழுதியவர் பெயரைக் காட்டினால் 51 குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) ஓடும்: பட்டியலுக்கு ஒன்று, பெயர்களுக்கு ஐம்பது. ஜாங்கோவில் செலக்ட்_ரிலேட்டட் சேர்த்தால் இரண்டு அட்டவணைகளையும் இணைக்கும் ஜாயினோடு ஒரே குவெரி. ஒரு பகுதி மட்டும் மாற வேண்டிய இடங்களுக்கு பக்கத்தின் துண்டை மட்டும் சர்வரிலிருந்து வாங்கி மாற்றும் ஹெச்டிஎம்எக்ஸ் லைப்ரரி போதும்.

மார்ச் 15

ஃபார்மும் பட்டியலுமாக இருக்கும் வேலைக்கு சர்வர் பக்கமே என் தேர்வு. இழுத்துப் போடும் பலகை, வரைபடம் போன்றவை நிறைந்த திரைக்குச் சின்னக் குழு என்றால் வியூ. ஆள் பலமும் பல வருடப் பராமரிப்பும் இருந்தால் ஆங்குலர். தேவையான லைப்ரரி ரியாக்ட்டுக்கு மட்டும் இருந்தால் ரியாக்ட்டை எடுங்கள், தயங்க வேண்டாம்.

எதை எடுத்தாலும் அது ஒருநாள் காலாவதியாகும். ஆங்குலருக்கு முந்தைய ஆங்குலர்ஜேஎஸ் ஆதரவு 2021 முடிவோடு நின்றது, வியூ 2 ஆதரவு 2023 டிசம்பர் 31-இல் நின்றது. ஆகவே விலைக் கணக்கு, தேதி விதிகள், ஃபார்ம் சரிபார்ப்பு இவற்றைக் காம்பொனென்ட்டுக்குள் எழுதாமல் தனி ஃபைல்களில் வையுங்கள். அந்த ஃபைல்களில் ஃபிரேம்வொர்க்கை இம்போர்ட் செய்யும் வரி ஒன்றுகூட இருக்கக் கூடாது. பிரவுசர் இல்லாமல் நோடில் (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் சூழல்) மட்டும் அவற்றின் டெஸ்ட் ஓட வேண்டும்.