நடுகல்லை உடுத்துவது எப்படி?

ஆடை வடிவமைப்புப் படிப்பின் இறுதியாண்டில், சூழலைக் கெடுக்காத பொருள்களைக் கொண்டு கதை சொல்லும் ஆடைத் தொகுப்பு ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். உடன் படித்தவர்கள் பலர் கடலை எடுத்துக்கொண்டார்கள். கிருஷ்ணகிரிக்காரிக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்? எங்கள் பக்கத்து நடுகற்களை எடுத்துக்கொண்டேன்.

ஆநிரைச் சண்டையில் மாண்டவனுக்கு ஊர் எடுத்த கல். கையில் வில்லோ வாளோ, உடம்பில் தைத்த அம்பு, பக்கத்தில் மாடு, வட்டெழுத்தில் சில வரிகள். தருமபுரி அகழ்வைப்பகத்தில் நிறையப் பார்க்கலாம். பல ஊர்களில் அதே கல்லுக்கு வேடியப்பன் என்று இன்றும் பொங்கல் வைக்கிறார்கள். அந்த உருவத்தை அப்படியே துணியில் அச்சடிப்பது எளிது. ஆனால் அது பொருட்காட்சியில் விற்கும் துணிப்பையாகிவிடும். கதை நிறத்திலும் வெட்டிலும் இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தேன்.

நிறத்துக்கு இரும்பு. பர்கூர் வட்டத்து மயிலாடும்பாறையில் இரும்புப் பயன்பாட்டின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்கள். (பிறகு தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையின் இரும்பு இன்னும் பழையது என்று வந்து எங்களை முந்திவிட்டதில் எனக்குக் கொஞ்சம் வருத்தந்தான்.) துருப்பிடித்த ஆணி, பழைய லாடம், வெல்லம், தண்ணீர் எல்லாவற்றையும் மண்பானையில் போட்டு, நுரைத்து அடங்கும்வரை ஊறவிட வேண்டும். நாற்றம் தாங்காமல் ஆயா பானையைக் கொல்லைக்குத் துரத்திவிட்டார். கடுக்காயைக் கிலோக்கணக்கில் கேட்டபோது நாட்டுமருந்துக் கடைக்காரர், “வீட்டில் யாருக்கம்மா வயிறு சரியில்லை?” என்றார்.

பர்கூர் ஜவுளிக் கடையில் வாங்கிய காடாத் துணியைக் கஞ்சி போக அலசி, கடுக்காய்ப் பொடி கரைத்த தண்ணீரில் எருமைப்பால் சேர்த்து நனைத்தேன். பாலிலுள்ள கொழுப்பு, சாயம் பரவாமல் பிடித்துக்கொள்ளும். துணியில் இயற்கைச் சாயத்தால் சித்திரம் எழுதும் கலம்காரிக்காரர்களின் பழைய வழி இது. காய்ந்ததும் துணி இளமஞ்சளாகிறது. அதன்மேல் இரும்புத் தண்ணீரைத் தூரிகையால் தொட்டு வைத்தால், கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கண்ணெதிரே சாம்பலாகி, பிறகு கறுக்கிறது. சிற்பத்தில் வீரனுக்கு அம்பு தைத்திருக்கும் இடங்களில் மட்டும் அப்படித் தொட்டு வைத்தேன்.

வெட்டுக்குக் கல்லே வழிகாட்டியது. நடுகல் ஒரு பலகை. ஆகவே வளைவே கிடையாது, எல்லாம் நேர்கோடு, துணியின் முழு அகலம். “பாப்பா, கையைத் தூக்கினால் அக்குள் பிடிக்குமே” என்றார் தையல்கார அண்ணன். கழுத்துக்காக வெட்டியெடுத்த துண்டையே இரண்டாக்கி இரண்டு அக்குளிலும் கொடுத்துத் தைத்தோம். அவருடைய மேசைக்கடியில் எப்போதும் குவியும் கத்தரிப்பு, அன்று நூல்பிசிறோடு நின்றது. சூழலைக் கெடுக்காமல் நெடுநாள் உழைக்கும் ‘நிலைத்த ஆடை’ என்று மேடையில் பேசுபவர்களைவிட, மேசைக்கடியில் குனிந்து பார்ப்பவர்களையே எனக்குப் பிடிக்கிறது.

மதிப்பீட்டாளர் ஒருவர் சரியான இடத்தில் கைவைத்தார். இரும்பு பருத்தியை நாளடைவில் அரிக்கும். கறுத்த இடந்தான் முதலில் கிழியும். நெடுநாள் உழைக்காத ஆடை என்ன நிலைத்த ஆடை என்று கேட்டார். கிழியட்டும் என்றுதான் அங்கே வைத்தேன் என்றேன். ஒவ்வோர் ஆடையின் பையிலும் அதே கடுக்காய் மஞ்சளில் நூல்கண்டு ஒன்று இருக்கிறது. கிழிந்த இடத்தை இழையோட்டுவது உடுத்துபவரின் வேலை. கல்லை நட்டதோடு ஊர் கைகழுவிவிடவில்லையே. ஆண்டுதோறும் எண்ணெய் பூசி, பொட்டு வைத்துப் பார்த்துக்கொள்கிறது. அவர் முழுதாக ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. நூல்கண்டை மட்டும் நெடுநேரம் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

விற்பனைக்கென்றால் இவ்வளவு இரும்பு வைக்க மாட்டேன். சாம்பல் நிறம் வருமளவுக்கு நீர்த்தால் துணி நீண்டநாள் தாங்கும். கடுக்காய்க்குப் பதில் மாங்கொட்டைப் பருப்பையும் பார்க்கிறேன். அதிலும் துவர்ப்பு உண்டு, பருவத்தில் எங்கள் மாம்பழக்கூழ் ஆலைகளில் கொட்டை மலையாகக் குவிகிறது. கறுப்பு அவ்வளவு ஆழமாக ஏறவில்லை. அடுத்த பருவத்துக்குள் அளவு பிடிபட்டுவிடும்.