மூன்று பூட்டுப் பெட்டி

நைஜர் நாட்டின் மராடி பகுதியில் 1991-இல் கேர் தொண்டு நிறுவனம் தொடங்கிய பெண்கள் சேமிப்புக் குழுக்களுக்கு ஹவுசா மொழியில் ‘மாத்தா மாசு துபாரா’ என்று பெயர். உபாயம் தெரிந்த பெண்கள் என்று சொல்லலாம். ஏலச்சீட்டு மாதிரி தள்ளு கிடையாது. நம் ஊர் சுய உதவிக் குழு மாதிரி வங்கிக் கடனும் கிடையாது. போட்ட பணம்தான் சுற்றும்.

ஆரம்பத்தில் கணக்கெல்லாம் மனப்பாடம். பாஸ்புக்கும் ரப்பர் ஸ்டாம்பும் பிறகு வந்தவை. இன்றைய முறையில் ஒரு குழுவுக்கு 15 முதல் 25 பேர். கூட்டத்துக்குக் கூட்டம் ஒருவர் தன் சேமிப்பாக 1 முதல் 5 பங்கு வாங்கலாம். பங்குக்கு ஒரு முத்திரை. மூன்று பங்கு வாங்கினால், மிச்ச இரண்டு கட்டத்தையும் அங்கேயே கோடு போட்டு அடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் எவரும் குத்திக்கொள்ளலாம். பாஸ்புக் வீட்டுக்குப் போகாது, பெட்டிக்குள்தான். மூன்று சாவியும் மூன்று பேரிடம். பெட்டி வைத்திருப்பவரிடம் ஒன்றுகூட இருக்காது. கூட்டம் முடியும்போது இருப்பை உரக்கச் சொல்வார்கள். அடுத்த முறை பணத்தை எண்ணுவதற்கு முன்பே உறுப்பினர்கள் அந்தத் தொகையை நினைவிலிருந்து சொல்லியாக வேண்டும். எழுத்துத் தெரியாத ஊரில் இதைவிட நல்ல தணிக்கை ஏது?

கடன், சேமிப்பைப் போல மூன்று மடங்கு வரை. நோய்க்கும் சாவுக்கும் தனிப் பை. அதில் எல்லோரும் ஒரே தொகை போடுவார்கள்.

முதலில் சறுக்குவது பங்கு விலையில். வசதியான நாலு பேர் விலையை ஏற்றிவிட்டால், அறுவடைக்கு முந்தைய பஞ்ச மாதங்களில் ஏழைகள் நின்றுவிடுவார்கள். குழுவில் இருப்பவர்களிலேயே மிக ஏழையானவரும் எந்த வாரமும் ஒரு பங்கு வாங்க முடிகிற விலைதான் சரி. அடுத்த ஆபத்து தொண்டு நிறுவனமே. நன்றாக நடக்கிறதே என்று வெளிப்பணத்தைக் கொட்டினால், திருப்பிக் கட்டும் அவசரம் போய்விடும். களப்பணியாளர் பணத்தைத் தொடக் கூடாது, பேனாவையும்தான். “கொடுங்க, நானே எழுதிடறேன்” என்று ஒருமுறை ஆரம்பித்தால், அவர் வராத வாரம் கணக்கே இருக்காது.

9 முதல் 12 மாதத்தில், சேர்ந்த பணத்தையெல்லாம் உறுப்பினர்களுக்குப் பங்கிடல். அதற்குள் எல்லாக் கடனும் வந்தாக வேண்டும் என்பதால் சில வாரம் முன்பே புதுக்கடனை நிறுத்துவார்கள். பெட்டி நிறைந்திருப்பது திருடனுக்கும் தெரியும். கடைசித் தவணைகளைப் பங்கிடும் நாளை ஒட்டி வைத்தால் பயம் குறையும். கடன் வட்டியும் சேர்ந்து பெட்டியில் 6,00,000 ஃபிராங்க், மொத்த முத்திரை 2,500 என்றால் முத்திரைக்கு 240. ஒரு பங்கு 200 வீதம் 150 முத்திரை சேர்த்தவர் போட்டது 30,000, எடுப்பது 36,000. பணம் கைக்குப் போகும் முன் அவருடைய பாஸ்புக் பக்கங்களில் பெரிய பெருக்கல் குறி போட்டுவிட வேண்டும்.